மன அழுத்தத்தில் அளவுமீறிச் சாப்பிடுகிறேன். கொரியப் பாரம்பரிய மருத்துவம் உதவுமா?

துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. அடக்கிவைத்த கோபமும் கவலையும் கல்லீரலின் 'கி' எனும் உயிராற்றலின் ஓட்டத்தை முடக்கி, வயிற்றில் சூடேற்றிப் பொய்ப்பசியைக் கிளப்பும் என்பது ஹன்பாங் எனும் இந்தக் கொரிய மருத்துவ வைத்தியர்களின் கணக்கு. அதனால் அக்குபங்சர், காதில் குட்டி ஊசி, மூலிகைக் கஷாயம் என்று போவார்கள்.

கஷாயத்தில்தான் கவனம் வேண்டும். எடைக்குறைப்புக்குத் தரும் பலவற்றில் மாஹ்வாங் எனும் எபிட்ரா மூலிகை சேரும். அதிலுள்ள எபிட்ரின் பசியை மட்டுப்படுத்தும். கூடவே படபடப்பு, தூக்கமின்மை, ரத்த அழுத்த ஏற்றம். ஏற்கெனவே பதற்றத்தில் தின்பவருக்கு இது தேவையா? அமெரிக்கா எபிட்ரின் கலந்த துணை உணவுகளை 2004-இல் தடைசெய்தது. இணையத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

வாரம் ஒருமுறையாவது கட்டுப்பாடிழந்து சாப்பிடுவது 3 மாதமாகத் தொடர்ந்தால், முதலில் மனநல மருத்துவர். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது.