வருமானம் குடிவந்தால் வாடிக்கையாளரும் வருவாரா?

கேள்வி: இடாஹோ ஃபால்ஸில் வசிக்கிறேன். வயோமிங் மாநிலம் டீட்டன் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) ஜாக்சன் ஊரில் ஒரு மளிகைக் கடை விலைக்கு வருகிறது. அந்தக் கவுண்டிக்குள் ஏராளமான வருமானம் குடிபெயர்வதாக வரித் துறைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தத் தொகையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒருவரின் சென்ற ஆண்டு வரிக்கணக்கு முகவரியும் இந்த ஆண்டு முகவரியும் வெவ்வேறு கவுண்டிகளில் இருந்தால், அவரைக் குடிபெயர்ந்தவராக எடுத்துக்கொள்கிறது அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். அவருடைய வருமானம் முழுவதும் புதிய கவுண்டியின் வரவாகிவிடும். பங்கு விற்ற லாபமும் அதில் அடக்கம். நிறுவனத்தை விற்றுவிட்டு வரும் ஒரே செல்வந்தர் எண்ணை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிடுவார். உங்கள் கடையில் அரிசி வாங்கப்போவது ஒரு குடும்பம்தான், அதுவும் ஊரில் இருக்கும் மாதங்களில். வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது. முகவரி இடம்மாற அதுவே பலருக்குப் போதும்.

ஆகவே ஐ.ஆர்.எஸ். அட்டவணையில் வரிக்கணக்குகளின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள்; ஏறக்குறைய அதுதான் குடும்பங்களின் எண்ணிக்கை. வருமானத்தை அதனால் வகுத்து, வந்தவர்களின் சராசரியைப் போனவர்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். வரிக்கணக்கு தாக்கல் செய்யாதவர்கள் இதில் வரமாட்டார்கள்.

மக்கள்தொகை வேறு கதை சொல்கிறது. அந்தக் கவுண்டியில் 2010இல் 21,294 பேர், 2020இல் 23,331. பத்து விழுக்காடுகூட உயரவில்லை. நிலத்தில் சுமார் 97 விழுக்காடு மத்திய அரசுடையது என்பதால் வீடு கட்ட இடமில்லை, இருப்பதை வாங்கச் சம்பளக்காரரால் முடியாது. ஜாக்சனில் வேலை செய்பவர்களில் பலர் டீட்டன் கணவாய்க்கு அப்பால் விக்டர், டிரிக்ஸ் ஊர்களில் குடியிருக்கிறார்கள். அந்த ஊர்கள் இருக்கும் இடாஹோ கவுண்டிக்கும் டீட்டன் என்றே பெயர். அட்டவணை எடுக்கும்போது மாநிலத்தைச் சரிபாருங்கள். இடாஹோ டீட்டனில் அதே பத்தாண்டில் 10,170 பேர் 11,630 ஆனார்கள். 2024 ஜூனில் கணவாய்ச் சாலை சரிந்து, ஏறத்தாழ மூன்று வாரம் மூடிக்கிடந்தபோது ஜாக்சன் முதலாளிகள் ஆட்களுக்குத் திண்டாடினார்கள்.

கடைக்காரரிடம் மாதவாரி விற்பனைக் கணக்கைக் கேளுங்கள். ஜூலையில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வரும் பயணிகளால் கல்லா நிறையும்; நவம்பர் கணக்குதான் உள்ளூர் வாடிக்கையைக் காட்டும். கூடவே, இப்போதைய ஊழியர்கள் எங்கிருந்து வருகிறார்கள், கடையோடு அவர்களுக்குக் குடியிருப்பும் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்பு இல்லையென்றால் விக்டரிலோ டிரிக்ஸிலோ கடை கிடைக்குமா என்று விசாரிப்பேன் நான்.