இணையதளம் உங்களுடையதுதான், ஆனால் யார் பெயரில்?

கேள்வி: தையல் பொருட்கள் விற்கும் சிறிய கடை நடத்துகிறேன். 2020-ல் பெருந்தொற்றால் கடையைப் பூட்ட வேண்டி வந்தபோது, தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் சில நாட்களிலேயே இணையதளம் அமைத்து, ஆன்லைனில் பணம் வாங்கும் வசதியும் செய்து கொடுத்தார். அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான். இன்றும் விற்பனையில் பாதி அதன் வழியாகவே நடக்கிறது. இப்போது அவர் ஆண்டுக் கட்டணத்தை மூன்று மடங்காக்கிவிட்டார். கட்டாவிட்டால் தளம் நின்றுவிடும் என்கிறார். இன்னொருவரோ, பழையதை விட்டுவிடுங்கள், ஆப்புடன் சேர்த்துப் புதிதாகவே செய்து தருகிறேன் என்கிறார். கேட்ட பணத்தைக் கட்டிவிடுவதா, புதியவரிடம் போவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பழையவரிடம் கட்டுகிறேன் என்றும் சொல்லாதீர்கள், மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். இந்த வாரம் உங்கள் வேலை ஒன்றுதான்: உங்கள் தளத்தின் டொமைன் பெயர், அதாவது அதன் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அது தெரியும்வரை அவரிடம் குரலை உயர்த்தாதீர்கள். கோபத்தில் ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் தளத்தைக் காணாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் மட்டும் இப்படிச் சிக்கவில்லை. 2020 மார்ச் 11-ல் உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று அறிவித்தது. அதையடுத்து வந்த சில வாரங்களில், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட இணைய விற்பனை வேலையை எல்லா வணிகர்களும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதாயிற்று. ஜூம் கூட்டங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 1 கோடியாக இருந்த பங்கேற்பு நான்கே மாதங்களில் 30 கோடியானது. அவசரம் எவ்வளவு பெரியது என்பதற்கு அந்த ஒரு கணக்கு போதும். அந்த அவசரத்தில், நேற்றுவரை வேறு தொழில் செய்தவர்களெல்லாம் 'டிஜிட்டல் ஆலோசகர்' ஆனார்கள். கடைக்காரரிடம் போனில் ஓடிபி கேட்டார்கள், அவரும் சொன்னார். எந்தக் கணக்கு யார் பெயரில் திறக்கப்படுகிறது என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. அதன் விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நுட்பத்துக்குள் போகாமல் சொல்கிறேன். டொமைன் பெயர் என்பது வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் முகவரி. ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம். வடிவமைப்பு என்பது கண்ணுக்குத் தெரிவது. மூன்றையும் ஒரே ரசீதில் எழுதித் தருவார்கள், ஆனால் மூன்றும் வேறு வேறு. ஹோஸ்டிங் போனால் வேறு இடம் பிடிக்கலாம். வடிவமைப்பு போனால் மறுபடி செய்துகொள்ளலாம். டொமைன் போனால், இத்தனை ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனதிலும் தேடுபொறிகளிலும் ரசீதுகளிலும் பதிந்த முகவரியே போய்விடும். வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரி பத்திரத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டால் ஒப்புவீர்களா? இங்கே பெரும்பாலும் நடந்திருப்பது அதுதான்.

எப்படிப் பார்ப்பது? டொமைன் பெயர்களை உலக அளவில் நெறிப்படுத்தும் ஐகான் அமைப்பின் தளத்தில் இலவசத் தேடல் பக்கம் இருக்கிறது. உங்கள் தளத்தின் பெயரை அதில் இட்டால், எந்தப் பதிவு நிறுவனத்தில் (டொமைன் பெயரை விற்றுப் பதிந்து தரும் நிறுவனம்) பதிவாகியிருக்கிறது, எப்போது பதிவானது, எப்போது காலாவதியாகும் என்ற விவரங்கள் வரும். காலாவதித் தேதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள். தளம் அமைத்துத் தந்த முகவர் சொல்லும் கெடு உண்மையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். டொமைன் இன்னும் எட்டு மாதத்துக்குச் செல்லும் என்று அந்தப் பக்கம் காட்டும்போது, "வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பெயர் போய்விடும்" என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பலர் தேவையில்லாமல் பதறுகிறார்கள், சிலர் தேவையான நேரத்தில் பதறாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தேடலில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெரும்பாலும் விவரம் மறைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்புதான் வரும். 2018 மே 25-ல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து பெரும்பாலான பதிவு நிறுவனங்கள், உரிமையாளர் எந்த நாட்டவரானாலும், பெயரை மறைத்துவிடுகின்றன. வேறு சில இடங்களில், அந்தரங்கம் காக்கும் சேவை ஒன்றின் பெயரும், நீங்கள் கேள்வியே படாத ஊரின் முகவரியும் இருக்கும். அதைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தச் சேவையின் பெயர் வெறும் திரைதான். திரைக்குப் பின்னால் உங்கள் பெயரும் இருக்கலாம், முகவர் பெயரும் இருக்கலாம். தேடல் பக்கம் அதைச் சொல்லாது.

அப்படியானால் உங்கள் மின்னஞ்சல் பெட்டியைத் தேடுங்கள். டொமைன் காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், பதிவான உரிமையாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது .com போன்ற பெயர்களுக்கான ஐகான் விதி. பதிவு விவரங்கள் சரிதானா என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் கடிதமும் வர வேண்டும். இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு மடல்கூட உங்களுக்கு வரவில்லை என்றால், ஸ்பாம் பெட்டியிலும் இல்லை என்றால், பதிவில் இருக்கும் மின்னஞ்சல் பெரும்பாலும் உங்களுடையதல்ல. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: உரிமையாளர் பெயர் உங்களுடையதாகவும் மின்னஞ்சல் மட்டும் முகவருடையதாகவும் இருக்கலாம். நடைமுறையில் அப்போதும் சாவி அவர் கையில்தான், ஏனென்றால் கடவுச்சொல் மாற்றம் முதல் எல்லாமே அந்த மின்னஞ்சல் வழியாகத்தான் நடக்கும். ஆனால் இந்த நிலையிலிருந்து மீளலாம். பதிவில் உங்கள் பெயரோ கடையின் பெயரோ இருந்தால், அடையாள ஆவணங்களைக் காட்டிப் பதிவு நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க வழி உண்டு. கேட்கும்போது முதலில் ஒரு தானியங்கி பதில் சொல்லும். பிறகு ஒரு புகார் எண் வரும். நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். பதிவு செய்த நாளில், "இது உங்களுக்கா, நீங்கள் வேறொருவருக்காக வாங்குகிறீர்களா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். திருத்தக் கேட்டால் மட்டும் ஆயிரம் ஆவணம் கேட்பார்கள். விடாமல் கேளுங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

எல்லாமே முகவர் பெயரில் இருந்தால்? அவர் மனம் வைத்தால் இது சில நிமிட வேலை. அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றி, உரிமையாளர் பெயரையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். வேறு நிறுவனத்துக்குக் கொண்டு போவதைவிட இது எளிது. "60 நாள் பூட்டு இருக்கிறது, முடியாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். புதிதாகப் பதிவு செய்தாலோ நிறுவனம் மாறினாலோ, அதன் பிறகு 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பது உண்மை. 2020-ல் பதிவான பெயருக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. உரிமையாளர் பெயரை மாற்றினால் மறுபடி 60 நாள் பூட்டு விழலாம், ஆனால் அது வேறு நிறுவனத்துக்குப் போவதைத்தான் தடுக்கும். உங்கள் கணக்குக்கு வந்தபின் அந்த 60 நாள் இருந்தால் என்ன?

மனம் வைக்காவிட்டால், பேரம் பேசுங்கள். இந்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகிறேன், டொமைன் முதலில் என் கணக்குக்கு வரட்டும் என்று எழுதிக் கேளுங்கள். பெயர் முதலில், பணம் பிறகு. இந்த வரிசையை எந்தச் சமாதானத்துக்கும் மாற்றாதீர்கள். தன் பொருளையே காசு கொடுத்து மீட்பது கசப்பானதுதான். ஆனால் ஒருமுறை கொடுத்து மீட்பது, ஆண்டுதோறும் மூன்று மடங்கு கொடுப்பதைவிட மேல். வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு 1999 முதல் டொமைன் தகராறுகளுக்கான தனி நடைமுறை ஒன்று உண்டு. அதில் மறுதரப்பின் தீய நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

அவருடைய ரசீதையும் ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். 'எஸ்எஸ்எல் சான்றிதழ்' என்று ஒரு பெரிய தொகை இருக்கிறதா? தளத்தின் முகவரியை https என்று தொடங்க வைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் அது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற சேவை அதை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமாகவே புதுப்பித்தும் கொள்கின்றன. உங்கள் அளவுள்ள கடைக்கு அது போதும். 'தேடலில் முதலிடம் உறுதி' என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது: உங்களுக்குத் தொடர்பே இல்லாத நிறுவனத்திலிருந்து, டொமைன் புதுப்பிப்புக் கட்டணம் என்று ரசீது போலவே கடிதம் வரும். கையெழுத்திட்டுப் பணம் அனுப்பினால் டொமைன் அவர்களிடம் போய்விடக்கூடும். ஐகான் பக்கத்தில் பார்த்த பதிவு நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறு பெயரில் எது வந்தாலும் கிழித்துப் போடுங்கள்.

அடுத்தது பணம். உங்கள் தளத்தில் நீங்களே ஒரு வாடிக்கையாளரைப் போல ஒரு நூல்கண்டை ஆர்டர் செய்து, சொந்த அட்டையில் பணம் கட்டுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் யாருக்குப் போனதாக வருகிறது என்று பாருங்கள். கடைப் பெயர் வந்தால் நல்லது. பேமெண்ட் கேட்வே, அதாவது வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கிக் கடைக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனத்தின் பெயர் மட்டும் வந்தால், அந்த நிறுவனத்தில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். முகவர் பெயரே வந்தால், உங்கள் வாடிக்கையாளர் பணம் இத்தனை நாளும் அவர் கணக்குக்குப் போய், அவர் தயவில் உங்களுக்கு வந்திருக்கிறது. அன்றே உங்கள் பெயரில் கேட்வே கணக்குக்கு விண்ணப்பியுங்கள்.

பொதுமுடக்கக் காலத்தில் போனில் ஆர்டர் எடுத்த நோட்டுப் புத்தகம் இன்னும் கல்லாவுக்குள் கிடக்கிறதா? அதில் யாருடைய அட்டை எண்ணாவது, காலாவதி மாதமாவது, பின்புறத்து மூன்று இலக்கமாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கங்களை அழித்துவிடுங்கள். பணம் பெற்றபின் அந்த மூன்று இலக்கத்தை எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்பது அட்டை நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. அன்றைய நெருக்கடியில் எழுதிக்கொண்டதில் வியப்பில்லை, இன்னும் வைத்திருப்பதுதான் ஆபத்து.

வாடிக்கையாளர் பட்டியலை இன்றிரவே இறக்கிக்கொள்ளுங்கள். தளத்தின் நிர்வாகப் பக்கத்தில், ஆர்டர்கள் என்ற இடத்தில், எல்லாவற்றையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக எடுக்கும் பொத்தான் பெரும்பாலான கடை மென்பொருட்களில் இருக்கிறது. "எடுக்க முடியாது" என்று முகவர் சொன்னால், உங்களுக்கு அந்த அனுமதியைத் தரவில்லை என்பதே பொருள். பொருட்களின் படங்கள், விவரங்கள், விலைகளையும் எடுத்து வையுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைக்கு 'உரிமையாளர்' யார், 'மேலாளர்' யார் என்றும் பாருங்கள். 2020-ல் 'தற்காலிகமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டு, அதை நீக்கும் உரிமை முகவரிடம் மட்டுமே இருந்ததால், கதவு திறந்தபிறகும் மூடிய கடையாகவே வரைபடத்தில் கிடந்த கடைகள் உண்டு.

புதியவரின் ஆப் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஆப் தேவையில்லை. ஆண்டுக்குச் சில முறை ஊசியும் பித்தானும் வாங்க வருபவர் அதற்காக ஒரு ஆப்பை நிறுவிக்கொள்ள மாட்டார். ஆப்பிளும் கூகுளும் அவ்வப்போது விதிகளை மாற்றும்; ஒவ்வொரு முறையும் யாருக்காவது பணம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். ஆப் வெளியிடும் கணக்கு யார் பெயரில் என்ற அதே வம்பு அங்கேயும் காத்திருக்கிறது. 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது பெய்ஜிங்கில் மின்னணுப் பொருட்கள் விற்றுக்கொண்டிருந்த லியூ சியாங்தோங் கடைகளை மூட வேண்டி வந்தது. அவர் ஆப் எதுவும் செய்யவில்லை. இணைய விவாதக் குழுக்களில் பொருட்களைப் பற்றி எழுதி ஆர்டர் பிடித்தார். சொந்தத் தளம் அடுத்த ஆண்டில்தான் வந்தது. ஜேடி டாட் காம் என்று இன்று உலகம் அறிந்த சீன இணைய விற்பனை நிறுவனம் அப்படித்தான் இணையத்துக்கு வந்தது. வாடிக்கையாளர் ஏற்கெனவே எங்கே இருக்கிறாரோ அங்கே போனார். உங்கள் வாடிக்கையாளர் இப்போதிருக்கும் தளத்தில் இருக்கிறார்.

எல்லா முகவரும் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை; நேர்மையாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். பழையவர் டொமைனைக் கொடுத்துவிட்டால், ஹோஸ்டிங்குக்கு மட்டும் நியாயமான தொகைக்கு அவரையே தொடரச் சொல்லலாம். புதியவரிடம் போவதானால், டொமைன், கேட்வே, ஹோஸ்டிங் ஆகிய மூன்றும் என் பெயரில், என் அட்டையில், என் மின்னஞ்சலில் இருக்கும், உங்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

டொமைன் கைக்கு வந்த அன்று, பதிவு நிறுவனத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் உங்கள் தளத்தின் பெயரிலேயே முடிவதாக இருக்கக் கூடாது. டொமைன் என்றாவது நின்றுபோனால் அந்த மின்னஞ்சலும் கூடவே நின்றுவிடும். கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் வந்து சேராது. ஜிமெயில் போன்ற வேறொரு முகவரியைக் கொடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள், இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) உங்கள் போனில் வையுங்கள். நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுங்கள்.