தொழில் தெரியாத முதலாளியிடம் தொழில் தெரிந்தவர் எப்படிக் காலம் தள்ளுவது?

'சைன் போர்டு கடையில் வேலை. முதலாளி சொன்னபடி செய்தால் போர்டு கெட்டுப்போகிறது, செய்யாவிட்டால் திட்டு விழுகிறது' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் முதலாளி ஃபிளக்ஸ் மெஷின் வாங்கித் தொழிலுக்கு வந்தவராக இருப்பார். எல்இடி எழுத்தில் நல்ல காசு என்று யாரோ சொல்ல, அதிலும் இறங்கியிருப்பார். நீங்கள் பிரஷ் பிடித்தவர், அல்லது பிரஷ் பிடித்தவரிடம் கற்றவர். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னிக்கவும்; இருக்காது என்றே நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் அப்படி ஒரு கடையில்தான் நானும் இருந்தேன். கடைப் பெயர் வேண்டாம். தகடு வளைப்பது, மாட்யூல் என்கிற சின்ன எல்இடி விளக்குத் துண்டுகளை ஒட்டுவது, வயரிங், ஏணி ஏறி மாட்டுவது எல்லாம் நான். முதலாளி ரேட் பேசுவார். அதில் அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை.

ஒரு துணிக்கடை ஆர்டர் வந்தது. இரண்டடி உயர எழுத்து, பக்கவாட்டில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு, முகப்பு அக்ரிலிக், உள்ளே எல்இடி. பெயரின் கடைசிச் சொல் 'சில்க்ஸ்'. மூன்று புள்ளி. வெளியாட்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எழுத்துக்கு ரேட் இன்ச் கணக்கில். புள்ளிக்குத் தனிக் காசு கிடையாது. வேலை மட்டும் ஒரு முழு எழுத்துக்கு உள்ள வேலை. நாலு இன்ச் வட்டத்துக்குத் தகடு வளைக்க வேண்டும், பற்றவைக்க வேண்டும், முகப்பு வெட்ட வேண்டும், அந்த இத்தனூண்டு டப்பாவுக்குள் மாட்யூலைத் திணித்து, எழுத்தை மாட்டும் பின்பலகையான ஏசிபியில் தனி ஓட்டை போட்டு வயரைப் பின்பக்கம் எடுக்க வேண்டும்.

முதலாளி, "புள்ளிக்கு வெள்ளை வினைல் ஸ்டிக்கரை வட்டமா வெட்டி ஒட்டிரு" என்றார்.

"ராத்திரி தெரியாதுங்களேண்ணா."

"ராத்திரி வந்து எவன் புள்ளி எண்ணப் போறான்?"

சரி என்று ஒட்டினேன். விளக்குப் போட்டதும் மூன்றும் காணாமல் போயின.

அதையாவது விடலாம். மாட்யூல் 260, ஒன்றுக்கு 1.5 வாட், மொத்தம் 390. இதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ், 400 வாட்டில் ஒன்றே போதும் என்றார். 80 சதவீதத்துக்கு மேல் லோடு ஏற்றக் கூடாது, அதாவது 320 வாட்டோடு நிறுத்த வேண்டும், அதுவும் வெயிலில் கொதிக்கிற போர்டுக்குள் வைத்தால் இன்னும் குறைக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "நானூறுக்குள்ளதானே வருது, கணக்குத் தெரியாதா உனக்கு?" என்று பில் போடும் பெண் முன்னால் கேட்டார்.

தீபாவளி விற்பனை சமயத்தில் போர்டு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. கடைக்காரர் போன் செய்தது எனக்கு. ஏணியில் நின்ற முகம்தானே அவருக்கு ஞாபகம் இருக்கும்? முதலாளியும் வந்தார். "வயரிங் பண்ணது இந்தப் பையன்தாங்க, சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்று என்னை வைத்துக்கொண்டே சொன்னார். சொன்னபடி புது எஸ்எம்பிஎஸ் விலையைப் பிடிக்கவும் செய்தார்.

திட்டும் சம்பள இழுத்தடிப்பும் எனக்குப் பழகிவிட்டன. பத்துப் பேர் ஆனால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்ட வேண்டும் என்று ரெஜிஸ்டரில் எப்போதும் ஒன்பது பேர் காட்டுவார், அதற்கும் பழகிக்கொண்டேன். அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் என் கைவேலையின் குறையாக ஊருக்குத் தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"இவ்வளவு தெரிந்தவன் சொந்தமாகக் கடை போட வேண்டியதுதானே?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். பலகை வெட்டும் ரவுட்டர் மெஷின், லேசர், வெல்டிங் செட் எல்லாம் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். சம்பள ரசீதே இல்லாதவனுக்கு எந்த பேங்க் லோன் தரும் என்றும் சொல்லுங்கள். எல்லா முதலாளியும் இப்படித்தான் என்று நான் சொல்லவும் இல்லை. இப்போது நான் இருக்கும் இடத்து அண்ணன் பழைய சுவர் பெயிண்டர். 'ட'வுக்கு வலப்பக்கம் மேலே காலியாக இருப்பதால், டேப் வைத்துச் சம இடைவெளி விட்டாலும் கண்ணுக்கு அகலமாகத் தெரியும். அடுத்த எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி வைக்க வேண்டும். அவரிடம் இதை வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அவரே கையசைப்பார்.

இன்னொரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லை. போர்டில் தமிழ் முதலில், பெரிதாக, தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் லோகோவை ஆங்கிலத்தில் மட்டும் டிசைன் செய்து வாட்ஸ்அப்பில் மங்கலாக அனுப்புகிறார்கள். கடைசி நாளில் தமிழை ஒரு பட்டையில் நசுக்கித் திணிக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் 'இ' பல்லி நசுங்கின மாதிரி ஆகிறது. அதையும் நாங்கள்தான் ஏறி மாட்ட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லோடு கணக்கு, எந்த கிரேடு எஸ்எஸ், எவ்வளவு மாட்யூல் எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்த நீல டிக் போதும். செய்த வேலையெல்லாம் போட்டோ எடுத்து வையுங்கள். அவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் முதலில் அதைக் கழியுங்கள். அட்வான்ஸ் பாக்கி இருக்கும்வரை உங்களை விட மாட்டார். அப்புறம் ஆடி பிறந்ததும் வேறு கடைகளில் விசாரியுங்கள். தீபாவளி ஆர்டர் கையில் இருக்கும்போது, தமிழ் எழுத்தைக் கையால் வளைக்கத் தெரிந்த ஆள் வந்தால் சம்பளம் பேச அவர்களே நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.