தம்பிதானே ஓட்டப் போகிறான் என்கிறீர்களே

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் என் பைக், நின்றிருந்த லாரியின் பின்னால் நேராக மோதிவிட்டது. எனக்குக் கை முறிந்து இப்போது சரியாகிவிட்டது. வண்டிக்கு ஆறு வயது. முதல் சம்பளத்தில் வாங்கியது. மெக்கானிக் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) நிமிர்த்தி, முன் வீலை மாற்றிக் கொடுத்துவிட்டார். டேங்க் பள்ளம், ஹெட்லைட், இன்ஜின் கவரில் ஆயில் கசிவு ஆகியவை பாக்கி. இதற்குச் செலவழிப்பதா, பிரித்துப் பார்ட்ஸாக விற்பதா? லேசாக இடது பக்கம் இழுக்கிறது, ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்கிறார் மெக்கானிக். எப்படியும் நான் இனி அதைத் தொடப்போவதில்லை. தம்பிதான் காலேஜுக்கு எடுத்துப் போவான். இப்போதே தெருவில் ஓட்டிப் பழகுகிறான்.

பதில்: முதலில் சாவியைத் தம்பியிடமிருந்து வாங்கி வையுங்கள். மீதியை அதற்குப் பிறகு படிக்கலாம்.

ஹெட்லைட் கழற்றி மாட்டுகிற சாமான். ஆயில் கசிவு கேஸ்கெட்டால் (கவருக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) என்றால் அரை நாள் வேலை, கவர் விரிசல் என்றால் கவரையே மாற்ற வேண்டும். இந்த மாதிரிக் கடிதம் எத்தனையோ வந்தாயிற்று. எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற அடிக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் வண்டியின் கதை, போகிற போக்கில் எழுதிய ‘லேசாக இடது பக்கம் இழுக்கிறது’ என்ற வரியில் இருக்கிறது. அடுத்த வரி அதைவிட மோசம். நீங்கள் தொட மாட்டீர்கள், தம்பி ஓட்டுவான்! உங்களுக்கு அந்த வண்டிமேல் பயம். அவனுக்கு அது இல்லை, ஏனென்றால் கொடுத்தது அண்ணன். வீட்டில் மூத்தவர் கொடுத்ததைச் சின்னவர் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்தச் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இழுப்பு பழகாது. நேர்ச்சாலையில் மெதுவாகப் போகும்போது கை அதைச் சமாளித்துக்கொள்ளும், அவ்வளவுதான். திடீரென்று பிரேக் பிடித்தால் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வரும். கோணலான சக்கரம் அந்த நேரத்தில்தான் தன் போக்கில் இழுக்கும். ரோடு ஈரமாக இருந்தால் திருப்பிக்கொள்ள நேரமே இருக்காது.

டேங்கில் பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். முன் மூலையில், ஃபோர்க்கோ ஹேண்டில்பாரோ இடிக்கிற இடத்தில் இருந்தால், மோதிய வேகத்தில் ஸ்டீயரிங், அதை ஓரளவுக்கு மேல் திரும்பவிடாத ஸ்டாப்பரைத் தாண்டித் திரும்பியிருக்கிறது. ஸ்டாப்பர் வளைந்தோ உடைந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேங்கைக் கழற்றி, ஸ்டீயரிங் நெக்குக்கு (ஹேண்டில் திரும்புகிற முன்குழாய்) பின்னால் சேஸ் (வண்டியின் எலும்புக்கூடு) குழாய்கள் வந்து சேரும் வெல்டிங்கைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் முடி போல வெடித்திருந்தாலோ, விரலால் தடவும்போது குழாயில் சின்ன மடிப்பு தட்டுப்பட்டாலோ சேஸ் அடி வாங்கிவிட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் நூல் கட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் சேஸில் மாட்டியிருக்கிற பிவட்டிலிருந்து பின் ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக வையுங்கள். செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகளை நம்பாதீர்கள். வண்டியை நேராக நிறுத்தி, நீளமான நூலின் நடுப்பகுதியைப் பின்டயரின் பின்பக்கம் சுற்றி, இரு முனைகளையும் முன்சக்கரம் தாண்டி இழுத்துச் செங்கல்லில் கட்டுங்கள். ஸ்டாண்டும் சைலன்ஸரும் நூலில் படக்கூடாது. நூல் பின்டயரின் முன் விளிம்பை மட்டாகத் தொட வேண்டும். இப்போது முன்சக்கரத்தை நூலுக்கு இணையாகத் திருப்பி, இரு பக்க இடைவெளியையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். 2 மி.மீ. வித்தியாசம் நூலின் பிழையாக இருக்கலாம். 8, 10 என்று வந்தால் கோணல்தான். கடைசியாக இரண்டு சக்கரத்துக்கும் தூக்குக்குண்டு பிடியுங்கள். பின்சக்கரம் செங்குத்தாக நிற்க, முன்சக்கரம் சாய்ந்திருந்தால் ஃபோர்க், டி-ஸ்டெம் (ஃபோர்க் பைப்புகளை நெக்கோடு பிணைக்கும் பாகம்), நெக் இந்த மூன்றில் ஒன்று முறுக்கியிருக்கிறது.

ஃபோர்க்கை நிமிர்த்தியதில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். பெரும்பாலான சர்வீஸ் மேனுவல்கள் ஃபோர்க் பைப்பில் அனுமதிக்கும் வளைவு 0.2 மி.மீ. பிரஸ்ஸில் வைத்துக் கண்ணால் பார்த்து நிமிர்த்தினால் அந்த அளவு வருமா? பைப்பைக் கழற்றித் தடித்த கண்ணாடிமேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு இருக்கிறது. குரோம் உரிந்திருந்தால் ஆயில் சீலை அறுத்துவிடும், கசிகிற ஆயில் பிரேக்குக்கே இறங்கும். காஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தியிருந்தால் அளக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

நெக் நேராக இருந்து, கோணல் ஃபோர்க்கிலோ டி-ஸ்டெம்மிலோ மட்டும் இருந்தால் தாராளமாக ரிப்பேர் செய்யலாம். டி-ஸ்டெம், இரண்டு ஃபோர்க் பைப், ஆயில் சீல், கோன் செட் (நெக்கில் ஹேண்டில் சுழல உதவும் குண்டு பேரிங்) எல்லாம் புதிதாகப் போடுங்கள். நேர் மோதலில் கோன் செட்டில் குண்டுகள் பதிந்து குழி விழும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ‘டக்’கென்று பிடிப்பது அதனால்தான். பெயிண்ட் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முதல் பத்து கிலோமீட்டரை நீங்கள் ஓட்டுங்கள், தம்பி வேண்டாம்.

நெக் வளைந்திருந்தால் பிரித்துவிடுங்கள். வெல்டிங் வைத்து இழுத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் சம்பளத்து வண்டி என்ற பாசத்தை மனசோடு வைத்துக்கொள்ளலாம்.

பிரிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கடன் பாக்கியோ இன்சூரன்ஸ் கிளெய்மோ இருந்தால் அது முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. இன்ஜினைக் கழற்றுமுன் ஸ்டார்ட் செய்து வீடியோ எடுங்கள், கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து எழுதி வையுங்கள். கழற்றிய இன்ஜின் ஓடுமா என்று வாங்குபவருக்கு வேறெப்படித் தெரியும்? வயரிங்கை வெட்டாமல் கனெக்டர் கனெக்டராகக் கழற்றுங்கள். இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள வண்டி என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவும் சாவி செட்டும் ஒன்றாகவே போக வேண்டும், தனித்தனியாக இரண்டும் உதவாது. இன்ஜின், பின்சக்கரம், சீட், சைலன்ஸர் சீக்கிரம் போகும், மற்றவை மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கும். அதற்கு இடமும் பொறுமையும் இல்லையென்றால் மொத்தமாகப் பிரிப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். நிமிர்த்திய ஃபோர்க்கை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள்.

சேஸ் கடைசி. பதிவை முறைப்படி ரத்து செய்த பிறகு, நெக் குழாயைக் குறுக்கே அறுத்துத்தான் பழைய இரும்புக்குப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் யாரோ பெயிண்ட் அடித்து இன்னொரு வீட்டுப் பையனுக்கு விற்றுவிடுவார்கள்.