மொரீஷியஸில் எதைச் சாப்பிடலாம் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, எபேன் சைபர் சிட்டியில் வேலை கிடைத்து அடுத்த மாதம் வரவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் வீடு பார்ப்பது, பேருந்து போதுமா, சாம்பார்ப் பொடி எத்தனை கிலோ கட்டி வருவது, இவ்வூர்த் தின்பண்டங்களில் சைவக்காரர் துணிந்து வாயில் வைக்கக்கூடியவை ஏதேனும் உண்டா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு தரகரைக் காட்டுவார்கள். நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அந்தக் கேள்விக்கு இங்குள்ள நம்மவர்களில் பலர் சொல்லும் பதில் தவறானது.

"இந்த ஊரில் ஒன்றும் வாயில் வைக்க விளங்காது, எல்லாவற்றையும் அங்கிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடு" என்பதுதான் அந்தப் பதில். இப்படிச் சொல்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வந்து பல ஆண்டுகள் ஆகியும் வாரந்தோறும் அதே இந்திய மளிகைக் கடைக்குப் போய், கப்பலில் வந்து நமுத்துப்போன முறுக்குப் பொட்டலத்தை ஊர் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து விலைவாசியைத் திட்டுவார்கள். அந்தக் கடையின் வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் சுடச்சுடத் தால்பூரி விற்றுக்கொண்டிருப்பார். அவரை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள்.

நான் தொண்ணூறுகளில் திருப்பூரிலிருந்து ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு மேற்பார்வையாளனாக வந்தவன். தொழிற்சாலை விடுதி கியூர்பிப் பக்கம் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தூறலும் குளிரும் விடாது. விடுதியில் அத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு. முறை வைத்துச் சமைக்கையில், சோறு பாதி வெந்த நிலையில் எரிவாயு தீர்ந்துபோகும். என் தாயார் வறுத்து அரைத்துக் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இரண்டாம் மாதமே பூசணம் பூத்தது. எனவே முதல் எச்சரிக்கையை இங்கேயே எழுதிவிடுகிறேன்: வாடகை குறைவு என்று கியூர்பிப், வாக்குவா போன்ற மேட்டு ஊர்களில் குடியேறுவீர்களானால், கிலோக் கணக்கில் கொண்டுவரும் பொடிகளை அந்த ஈரக் காற்று தின்றுவிடும். இரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் கொண்டு வாருங்கள்.

பொடி போன பிறகு எங்களுக்கு வழிகாட்டியது தொழிற்சாலை வாசல்தான். காலை முறைக்கு முன் அங்கு ஓர் அம்மாள் காத்தோ பிமா விற்பார். நம் பருப்பு வடைக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் கடலைப் பருப்புக்கு மாற்றாக மஞ்சள் பட்டாணிப் பருப்பு, வெங்காயத்துக்கு மாற்றாக வெங்காயத் தாள், சோம்புக்கு மாற்றாகச் சீரகம், அளவில் எலுமிச்சம்பழத்தைவிடவும் சிறியது. ஊறிய பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, பச்சை மிளகாயும் கொத்தமல்லித் தழையும் சேர்த்துப் பிடித்து எண்ணெயில் விடுகிறார்கள். வெறுமனே தின்பதும் உண்டு. என்றாலும் காலையில் உருண்டை ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, நாலைந்தை உள்ளே வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தின்பதே இவ்வூர் வழக்கம். சூட்டில் வெண்ணெய் உருகி ரொட்டியின் ஓரத்தில் வழியும்போது சாப்பிட வேண்டும். வடையை ரொட்டிக்குள் வைப்பதா என்று முகம் சுளித்த என் அறைத்தோழர்களும் மறு வாரமே அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

அடுத்தது தால்பூரி. இதை நீங்கள் வந்த முதல் நாளே சாப்பிடலாம். வேகவைத்து அரைத்த பட்டாணிப் பருப்பை மைதா மாவுக்குள் பூரணமாக வைத்து, கிழியாமல் மிக மெல்லிதாகத் தேய்த்துக் கல்லில் போட்டு எடுப்பது; நம் பருப்புப் போளியில் இனிப்பை நீக்கி மஞ்சளும் சீரகமும் சேர்த்தது போலிருக்கும். பிகாரிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் வழியாக வந்த பண்டம் இன்று சீனர், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோலர், முஸ்லிம், தமிழர் என்று யாவருக்கும் பொது உணவாகிவிட்டது. இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். விற்பவரின் கையைக் கவனியுங்கள்: காகிதத்தின் மேல் ஒன்றின்மீது ஒன்று சற்று விலகினாற்போல் இரண்டையும் விரித்து, பெரிய மொச்சைக் குழம்பைக் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பில் தடவி, அதன்மேல் தக்காளித் தொக்கு, பிறகு ஊறுகாய், கடைசியில் மிளகாய் விழுது வைத்துச் சுருட்டி, காகிதத்தின் நுனியை முறுக்கி நீட்டுவார். இவ்வளவும் நீங்கள் பையிலிருந்து சில்லறையை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த மிளகாய் விழுது விஷயத்தில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். ஆந்திரக் காரத்தையே பார்த்தவன் என்று தோள் தட்டிய பலர் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். நம் மிளகாய்க் காரம் புளியோடும் எண்ணெயோடும் கொதித்து அடங்கிய காரம். இது பச்சையாக அரைத்து வைத்த காரம். "பிமா?", அதாவது மிளகாய் வேண்டுமா, என்று இவ்வூர்க் கிரியோல் மொழியில் கேட்பார்கள். "ஏன் திகித்" என்று சொல்லுங்கள், கொஞ்சமாக வைப்பார்கள். கடற்கரையில் அன்னாசிப் பழத்தைக் கண்களைத் தொடர்ந்து சுருள் சுருளாகச் சீவி, காம்பைப் பிடியாக விட்டு, உப்பும் மிளகாயும் புளியும் பூசித் தருவார்கள். மெரினாவில் மாங்காய்ப் பத்தை தின்று வளர்ந்தவருக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டிய இடம் வேறு. பார்வைக்கே அசைவமாகத் தெரிவதிலிருந்து சைவக்காரர் தானாக ஒதுங்கிக்கொள்வார். பார்வைக்குச் சைவமாக இருப்பதில்தான் ஏமாந்துபோவார். புலேத் என்று தெருவோரங்களில் ஆவியில் அவித்து விற்கும் உருண்டைகளில், சௌசௌவைத் துருவிச் செய்யும் வகை ஒன்று உண்டு. பச்சையும் வெள்ளையுமாகக் கொழுக்கட்டையைப் போல அத்தனை சாதுவாக இருக்கும். உள்ளே இறாலோ இறைச்சியோ சேர்ந்திருக்கும், மிதக்கும் சாறும் பெரும்பாலும் சைவமாக இராது. மின் ஃப்ரி என்னும் வறுத்த நூடுல்ஸை முட்டையும் இறைச்சியும் இல்லாமல் போட்டுக் கொடுக்கச் சொன்னால் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அதில் ஊற்றும் சாஸ் மீனிலோ சிப்பியிலோ செய்ததாக இருக்கலாம். தக்காளித் தொக்கில் உப்புக் கருவாடு கிடக்கலாம். கீரைச் சாற்றில் வாசனைக்குக் காய்ந்த இறால் போட்டிருக்கலாம். சமோசா பொரித்த எண்ணெயில் முன்னதாக என்ன பொரிந்தது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். ஆகையால் "சைவமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "சான் லாவியான், சான் புவாசோன், சான் க்ரெவெத்" என்று, அதாவது இறைச்சி, மீன், இறால் மூன்றும் இன்றி என்று, பிரித்துக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விரதங்கள் நிறைந்த ஊர் இது; விற்பவருக்கும் அந்தக் கேள்வி பழகியதுதான்.

உங்கள் நோக்கத்துக்கு மிகவும் பொருந்துவது இவ்வூர் வீட்டுச் சாப்பாடு. சோறு, பருப்பு, தண்ணீராகக் கொதிக்கவைத்த கீரைச் சாறு, ஒரு தொக்கு, ஓர் ஊறுகாய். எளிய குடும்பங்களில் பெரும்பாலான நாள்களில் இவ்வளவுதான். கீரையில் முருங்கைக் கீரை, சௌசௌக் கொழுந்து, தண்டுக் கீரை எல்லாமே சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். முருங்கையும் கறிவேப்பிலையும் பல வீட்டுக் கொல்லைகளில் நிற்கின்றன. அக்கம்பக்கத்தாரிடம் நாலு வார்த்தை முகம் கொடுத்துப் பேசுபவருக்குக் கறிவேப்பிலைக்குக் காசு செலவாகாது. அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நம்மவர்களோடு மட்டும் பழகினால் அதையும் பொட்டலத்தில் வாங்க வேண்டியதுதான்.

இனி எனக்கு மிகவும் மனத்தாங்கலான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை நாள். பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பார்கள்; முடிவில் கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு நடக்கும். வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய், பிஞ்சுப் பலா, பீன்ஸ் என்று கறிகள் வரிசையாக விழ, ரசமும் அப்பளமும் பாயசமும் உண்டு. தொழிற்சாலையில் என் பிரிவில் தையல் வேலை பார்த்த ஒரு பெரியம்மாள்தான் எங்களை முதன்முதலில் அங்கு அழைத்துப் போனார். அவருக்குத் தமிழ் பேச வராது, கிரியோலில்தான் பேசுவார். ஆனால் ரோமன் எழுத்தில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேவாரம் பாடுவார், ஓரடி விடாமல். அவர் பாடி முடித்துப் பரிமாற வந்தபோது எங்கள் விடுதிப் பையன்கள் தமிழில், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில், ரசத்தில் புளி போதவில்லை, கறிகள் எல்லாம் ஒரே மசாலா, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சிரித்தார்கள். சொற்கள் புரியாவிட்டாலும் சிரிப்புப் புரியாமலா போகும்? மறுபடியும் கறி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர், அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்.

இன்றும் புதிதாக வருபவர்கள் இதையே செய்கிறார்கள். இப்போது படமெடுத்து ஊருக்கும் அனுப்புகிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18 ஆம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் இங்கு வந்திருக்கிறார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்று தோட்டத்தில் படி அளந்தார்கள். அளந்த படியில் குழம்பு வைத்து, கிடைத்த காயில் ஏழு கறி ஆக்கி, மொழி கைவிட்டுப் போன பிறகும் இலை போடுவதை விடாமல் வைத்திருப்பவர்களிடம், நேற்று விமானத்தில் வந்து இறங்கிய நாம் ரசத்துக்கு மதிப்பெண் போடுவது அழகல்ல. உங்களை அழைத்தால் போங்கள், தரையில் உட்காருங்கள், இலையை வழித்துச் சாப்பிடுங்கள். விமரிசனம் வேண்டுமானால் உங்கள் வீட்டுச் சமையலின்மேல் செய்துகொள்ளுங்கள்.

இனிப்பு வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவை தாமாகவே உங்களைத் தேடி வரும். தீபாவளியன்று மதம் பாராமல் அண்டை வீடுகளுக்குத் தட்டு போகும். அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்து அரைவட்டமாகப் பொரித்தது இருந்தால் முதலில் அதை எடுங்கள். போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் ஆலுதா குடியுங்கள்: குளிர்ந்த பால், ஊறிய சப்ஜா விதை, கடற்பாசித் துருவல் எல்லாம் கலந்தது. தேநீர்தான் சோதனை. இங்கே பலரும் வனிலா மணக்கும் தேயிலையையே வாங்குகிறார்கள். 1892 முதல் இருந்துவரும் புவா ஷேரித் தோட்டத்தின் தேயிலையும் அப்படி வருகிறது. இஞ்சியும் ஏலமும் எதிர்பார்த்து முதல் வாய் குடிப்பவர் ஐஸ்கிரீமைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார்களோ என்று திகைப்பார். இன்று என் வீட்டில் வேறு தேயிலை கிடையாது.

அலுவலக விருந்துகளில் ஆக்டோபஸ் வரும். கடுகும் மஞ்சளும் வினிகரும் சேர்த்து ஊறவைத்ததோ பப்பாளிக்காயோடு குழம்பு வைத்ததோ, எதுவானாலும் எனக்கு உயிர். மான் கறியும் வரும். 1639 இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களின் வம்சம். உங்களுக்கு இவை ஆகாது என்பதால் விட்டுவிடுகிறேன். பனங்குருத்துச் சாலட் என்று ஒன்று வைத்தால் மட்டும் விடாதீர்கள். ஒரு தட்டுக்கு ஒரு மரத்தையே வெட்ட வேண்டியிருப்பதால் விலை தாறுமாறாக இருக்கும். அலுவலகம் காசு கொடுக்கும்போது சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் மேலே புகையூட்டிய மீனோ இறாலோ தூவியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் பழம், விதை, செடி, கறிவேப்பிலைக் கன்று எதையும் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் வம்பு. பெருங்காயம், இட்லித் தட்டு, சிறிய பிரஷர் குக்கர் ஆகியவை போதும். மிக்ஸியையும் கொண்டு வரலாம், இங்கும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி வீட்டை ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ பாருங்கள். மெட்ரோவும் உண்டு, சந்தையும் பக்கம், பொடியும் கெடாது.