வாசகர் கேள்வி: மருத்துவ பதில்

கேள்வி: கொத்து வேலை பார்க்கும் என் கணவர் கோடையில் ஒரு நாளைக்கு ஆறேழு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். ஆனாலும் சாயங்காலம் தலைவலி, கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது. இன்னும் குடிக்கச் சொல்லவா?
– வாசகி, கரூர்

பதில்: தண்ணீரைக் கூட்ட வேண்டாம், உப்பைச் சேருங்கள். வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது; லிட்டருக்கு 1 முதல் 4 கிராம் வரை, ஆளுக்கு ஆள் மாறும். மூளையின் ஹைப்போதலாமஸ் ரத்தத்தின் செறிவைத்தான் கண்காணிக்கிறது. அது ஓரிரு சதவீதம் கூடினாலே தாகமெடுக்கும். வாசோபிரஸின் என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கும். வெறும் தண்ணீராகவே குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும், வாசோபிரஸின் குறையும், குடித்தது சிறுநீராக வெளியேறிவிடும். கடும் உழைப்பிலும் குமட்டலிலும் இந்த ஹார்மோன் குறையாமலே இருந்துவிடுவதும் உண்டு. அப்போது தங்கும் நீர், உப்பிலுள்ள சோடியத்தின் அளவை ரத்தத்தில் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறக்கி, மூளைச் செல்களை வீங்க வைக்கும். தலைவலியோடு வாந்தி, குழப்பம், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைதான்.

வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இடையிடையே உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ கொடுத்தனுப்புங்கள். இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அது உப்புக்கு ஈடாகாது.

மிகவும் சோர்ந்தால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) கொடுங்கள். 20.5 கிராம் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவதுதான் பலர் செய்யும் தவறு. உப்பு கூடிப்போனால் தாகமும் வயிற்றுப்போக்கும் அதிகமாகும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டி அரை தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை. சர்க்கரை ருசிக்காக அல்ல. சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ரத்தக்கொதிப்பு, இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

கேள்வி: சென்னையில் வியர்வை ஊற்றுகிறது, உடம்பு மட்டும் குளிரவில்லையே, ஏன்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை. ஆவியானால்தான் குளிரும், ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். கடற்காற்றின் ஈரம் அதைத் தடுக்கிறது. மெல்லிய பருத்தி உடை அணிந்து, மின்விசிறிக்கு நேரே உட்காருங்கள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.