குடைப் பைன்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோம் பயணக் குறிப்பில், அங்குள்ள குடைப் பைன்கள் போர்ச்சுகல் முதல் லெபனான் வரை பரவியிருந்தும் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவு தூரம் பரவிய மரத்தில் வேறுபாடுகள் மிகுந்திருக்க வேண்டாமா?

மீனா, கோவை

அன்புள்ள மீனா,

பெரும்பாலான பைன்களில் நீங்கள் நினைப்பதுதான் நடக்கிறது. குடைப் பைன் விதிவிலக்கு. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மரங்களின் பசுங்கணிக (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பின்) டிஎன்ஏவை ஒப்பிட்டது. கிடைத்தவை நான்கே வகைகள். அவற்றிலும் ஒரே வகைதான் ஏறக்குறைய எல்லா இடங்களிலும். லெபனான் மரங்கள் மட்டும் சற்று விலகி நிற்கின்றன.

இந்த இனம் எப்போதோ மிகச் சில மரங்களாகச் சுருங்கி, பிறகு பரவியிருக்க வேண்டும். சுருங்கியபோது போன வேறுபாடு, மரங்கள் பெருகியதும் திரும்பி வந்துவிடாது. புதிய மாற்றங்கள் சேர எத்தனையோ தலைமுறைகள் வேண்டும். இதுவோ கூம்பு, அதாவது விதைகளைத் தாங்கும் காய், முற்றவே மூன்று ஆண்டுகள் எடுக்கும் மரம்.

பரப்பியதில் மனிதனுக்குப் பெரும்பங்கு. விதை கனமானது, காற்றில் வெகுதூரம் போகாது. ஆனால் பருப்பு ருசி. (நம் கடைகளில் விற்கும் பைன் பருப்பான சில்கோசா வேறு இனம், இமயமலைப் பக்கத்தது.) ஜிப்ரால்டர் குகைகளில், அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்கள் தின்று போட்ட மிச்சங்களில் குடைப் பைனும் இருக்கிறது. ரோமானியர் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள்; பிரிட்டனில்கூட அவர்கள் காலத்துக் கூம்புகள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. ஒரே கையிருப்பிலிருந்து எடுத்து எடுத்து நட்டால் பரப்பு கூடும், வகை கூடாது.

அதற்காக இதை நோஞ்சான் மரம் என்று சொல்லமாட்டேன். கடலோர மணலிலும் உள்நாட்டு வறண்ட மேடுகளிலும் அதே மரபணுக்களை வைத்துக்கொண்டே சமாளிக்கிறது. என் கவலை பூச்சிகள். 1999இல் இத்தாலியில் முதலில் தென்பட்ட வட அமெரிக்க நாவாய்ப்பூச்சி ஒன்று கூம்புக்குள் இருக்கும் விதையை உறிஞ்சிவிடுகிறது. பருப்பு விளைச்சல் பல நாடுகளில் சரிந்துவிட்டது. நேப்பிள்ஸிலும் ரோமிலும் மரங்களையே சாகடிக்கும் செதில்பூச்சியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். தாக்குப்பிடிக்கும் மரத்தைத் தேடி எடுக்க வேண்டுமென்றால், தேடுவதற்கு வகைகள் இருக்க வேண்டுமே.

என்னைக் கேட்டால், விதைச் சேமிப்பை ரோமில் அல்ல, வேறுபட்ட மரங்கள் நிற்கும் லெபனானில் தொடங்க வேண்டும். அந்த நாவாய்ப்பூச்சி அங்கேயும் வந்துவிட்டது.